குழி விழுந்த பாட்டு

2023 மே 27, சனிக்கிழமை. காலையில் மோட்டார் போட்டு, தொட்டி நிரம்புவதற்குள் வாசல் தெளித்துப் பால் காய்ச்சினேன். கரண்டு போகவில்லை. இட்லிக்குத் தக்காளிச் சட்னி. கணவரின் காதுக்கருவி இருக்கும் சிறிய வெள்ளைப் பெட்டியை எடுத்து அவருடைய காப்பி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் காப்பியைக் குடித்தார், பெட்டியைத் தொடவில்லை. கடைக்குக் கிளம்பும்போது அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தினமும் இப்படித்தான்.

நான் திண்டுக்கல்லில் ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமை அரை நாள். நடந்ததைத் தேதி போட்டு எழுதிவைக்கும் பழக்கம் கல்லூரியில் படித்த காலத்திலிருந்தே உண்டு. பெரும்பாலும் வெயில், தண்ணீர், சமையல் என்று நாலு வரியில் முடிந்துவிடும். இந்த நாளுக்கு நாலு வரி போதவில்லை.

என் கணவர் மோட்டார் காயில் கட்டுகிறவர். கிணற்று மோட்டார் எரிந்துபோனால் அகரம் பக்கத்திலிருந்தும் குஜிலியம்பாறைப் பக்கத்திலிருந்தும் விவசாயிகள் அவர் கடைக்குத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். எரிந்த செம்புக்கம்பியை உருவிவிட்டுப் புதுக்கம்பி சுற்றிக் கொடுப்பார். சுற்றி முடித்ததும் மோட்டாரை ஓடவிட்டு, ஸ்க்ரூடிரைவரின் முனையை அதன் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு வைத்துக் கேட்பார். உள்ளே பேரிங் எப்படி இருக்கிறது என்பது அந்தச் சத்தத்தில் தெரிந்துவிடும். இரண்டு வருடமாக ஸ்க்ரூடிரைவருக்கு வேலை இல்லை. உள்ளங்கையை மோட்டார் மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார். காது நரம்பு பலவீனமாகிவிட்டது, இனி கருவிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கருவி வைத்தால் பேச்சு புரிகிறது. ஆனால் கிடார் சத்தம் தகரத்தைத் தட்டுவதுபோல் இருக்கிறதாம். கிடார் பீரோவுக்கு மேலே போய்விட்டது.

அவர் லீட் கிடார் வாசித்தவர். எங்கள் பக்கத்து இன்னிசைக் குழு ஒன்றில் அவர் கிடார், நான் கீபோர்டு. நாங்கள் பழகியதும் கல்யாணம் செய்துகொண்டதும் அங்கேதான். குழுவை நடத்தியவர் டிரம்ஸ் வாசிக்கும் அண்ணன். அவர்தான் இன்றும் நடத்துகிறார். எங்கள் கல்யாணத்துக்கு என் பக்கம் சாட்சிக் கையெழுத்துப் போட்டதால் அன்றிலிருந்து அவருக்கு நான் தங்கச்சி, என் கணவர் மாப்பிள்ளை. மகள் பிறந்ததும் நான் மேடையை விட்டேன். கணவர் விடவில்லை.

அந்தக் கேசட் எங்களிடம் வந்தது கல்யாணத்துக்கு முந்தைய வருடம். என் சித்தி ஒருவர் கன்னியாஸ்திரி. தென் அமெரிக்காவில் பெரு நாட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தார். விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது, அங்கே படிக்கிற பிள்ளைகள் கொடுத்தது என்று ஒரு கேசட்டை என்னிடம் கொடுத்தார். அட்டையும் இல்லை, பெயரும் இல்லை. ஸ்பானிஷ் மொழியில் பாடும் ராக் இசைக் குழு ஒன்றின் பாட்டுகள் அதில் இருந்தன. எங்கள் குழுவில் யாருக்கும் ஒரு வார்த்தை தெரியாது. சித்தியைச் சுற்றி உட்கார்ந்து கேட்டோம்.

"நாலு பயலுக. பள்ளிக்கூடத்துல படிக்கிறப்பவே ஆரம்பிச்சது. அந்த ஊர்ல அப்பல்லாம் அடிக்கடி கரண்டு போயிரும். கிடார் சத்தம் நின்னுபோச்சுன்னா டிரம்ம மட்டும் தட்டிக்கிட்டுப் பாடி முடிப்பானுக. சனமும் சேந்து பாடும்" என்றார்.

"நம்மூரு மாதிரிதான் சித்தி" என்றேன்.

"அதான் எனக்கு அங்க ஒண்ணும் புதுசாத் தெரியல."

கேசட்டின் முதல் பாட்டு எங்களுக்குப் பிடித்திருந்தது. என்ன பாடுகிறார்கள் என்று அண்ணன் கேட்டார். சித்தி இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சொன்னார். "பஸ்ஸுக்கு நிக்கிறான். பஸ் வரல. நடந்தே வீட்டுக்குப் போயிர்றான். வாசல்ல நின்னு திரும்பிப் பாத்தா அப்பத்தான் பஸ் போகுது. அம்புட்டுதான்."

"இதுக்கா இந்தக் கத்து கத்துறான்?" என்றார் அண்ணன்.

கச்சேரியில் பாடும் முதல் பாட்டு பிள்ளையார் பாட்டு. அதற்கு முன்னால், மைக்செட்காரர் சத்தத்தைச் சரிபார்க்கவும் கூட்டம் வந்து உட்காரவும், பாட்டில்லாமல் வெறும் இசை கொஞ்ச நேரம் வாசிப்பது வழக்கம். அந்த இடத்துக்கு இந்தப் பாட்டை எடுத்துக்கொண்டோம். வார்த்தை இல்லாததால் யாருடைய பாட்டு என்று எவரும் கேட்கவில்லை. அம்மன் கோயில் திருவிழா, மாதா கோயில் சப்பரம், கல்யாண மண்டபம் என்று எங்கே போனாலும் அதுதான் தொடக்கம்.

அந்தப் பாட்டில் ஒரு விசித்திரம் இருந்தது. இரண்டாவது சுற்றின் நடுவில், ஒரு தட்டு விழ வேண்டிய இடத்தில் விழாமல், மெட்டு அப்படியே அடுத்த வரிக்குத் தாவிவிடும். கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தால் இடறும். வெளிநாட்டுக்காரன் தாளம் அப்படித்தான் என்று நினைத்தோம். அண்ணன் அந்த இடத்துக்கென்றே டிரம்ஸில் ஒரு உருட்டு பழகினார். என் கணவர் அந்தத் தாவலைக் கடையில் கம்பி சுற்றும்போதுகூட முணுமுணுத்துப் பழகினார்.

குஜிலியம்பாறைப் பக்கத்தில் ஒரு கிராமம். மானாவாரிப் பூமி, மழை பெய்தால்தான் வெள்ளாமை. அங்கே வைகாசித் திருவிழாவுக்கு வருடந்தோறும் நாங்கள்தான் போவோம். முதல் வருடமே அந்தத் தாவல் வந்த இடத்தில் முன்வரிசையில் ஒருவர் எழுந்து கத்தினார்: "ஏப்பா, நம்ம டவுன் பஸ்ஸ குழியில விட்டு எடுத்த மாதிரியே இருக்குப்பா!" ஊரே சிரித்தது. பஸ் பாட்டு என்பது அவருக்குத் தெரியாது. அடுத்த வருடம் அந்த இடம் வந்ததும் இளவட்டங்கள் எல்லோரும் ஒரு சேரக் குதித்தார்கள். அதற்கடுத்த வருடம் பெண்களும். பிறகு அது அந்த ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது. "குழிப்பாட்டு" என்று பெயரும் வைத்துவிட்டார்கள். சாமி புறப்பட்டு வந்து பந்தலில் இறங்கியதும் குழிப்பாட்டு, ஒரு குதி, அப்புறம் பிள்ளையார் பாட்டு.

இரண்டு வருடத்துக்கு முன் கிறிஸ்துமஸ் விடுமுறையில் மகள் சென்னையிலிருந்து வந்திருந்தாள். நான் பாத்திரம் விளக்கும்போது அந்த மெட்டை முணுமுணுத்ததைப் போனில் பிடித்து எதிலோ தேடினாள். போன் அந்தக் குழுவைக் காட்டிவிட்டது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பு உட்கார்ந்து அவர்கள் கதையை எங்களுக்கு வாசித்துச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் தொடங்கியது, சித்தி சொன்னபடியேதான். முதலில் வானொலிக்காரர்கள் அவர்கள் பாட்டைப் போடவில்லையாம். ராக் என்றால் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும், ஸ்பானிஷில் யார் கேட்பார்கள் என்று. பஸ் டிரைவர்கள்தான் வண்டியில் போட்டுப் போட்டுப் பரப்பியிருக்கிறார்கள். பிறகு பக்கத்து நாடுகளிலெல்லாம் மைதானம் நிறையக் கூட்டம். பிறகு சண்டை. பாடகர் தனியாகப் போனார், மற்றவர்கள் வேறு வேலைக்குப் போனார்கள். பல வருடம் கழித்து நண்பர் ஒருவரின் சாவு வீட்டில் பார்த்துக்கொண்டு மறுபடி சேர்ந்தார்கள். அவர்களைக் கேட்டு வளர்ந்து, சொந்த மொழியில் பாடலாம் என்று துணிந்த குழுக்களின் பெயர்கள் அந்தக் கட்டுரையின் கடைசியில் வரிசையாக இருந்தன. "இதுல நம்ம பேரு இல்லையேம்மா" என்று மகள் சிரித்தாள். அப்புறம் அந்தப் பாட்டைப் போட்டாள்.

குழி இல்லை. மெட்டு அந்த இடத்தை வழுக்கிக்கொண்டு போவதுபோல் தாண்டிப் போனது.

என் கணவர் அப்போது கருவி வாங்கியிருக்கவில்லை. போனைக் காதோடு ஒட்டவைத்து மூன்று தடவை கேட்டார். பிறகு பழைய கேசட்டைத் தேடி எடுத்து, திருகாணிகளைக் கழற்றி, நாடாவைப் பென்சிலால் மெல்லச் சுற்றிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு ஒட்டு இருந்தது. எப்போதோ நாடா சிக்கி, கசங்கிய துண்டை யாரோ வெட்டிவிட்டு ஒட்டியிருக்கிறார்கள். பெருவில் சித்தியின் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளாகத்தான் இருக்க வேண்டும். வெட்டியது ஒரே நாடாதானே; கேசட்டின் மறுபக்கத்திலும் ஒரு பாட்டில் அதே போல் ஒரு தாவல் உண்டு என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்தப் பாட்டை நாங்கள் எடுத்து வாசிக்கவில்லை, அவ்வளவுதான்.

"இத்தன வருசமா ஒட்டுப்போட்ட டேப்ப வாசிச்சிருக்கோம்" என்று சொல்லிச் சிரித்தார். மறுநாள் சிரிக்கவில்லை. காதும் அந்த மாதங்களில்தான் வேகமாகக் குறைந்தது. அடுத்த வைகாசியில் கொரோனாவால் திருவிழாவே இல்லை; அதற்கடுத்த வருடம் நடந்தபோது அவர் போகவில்லை.

இந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். அவர் கடைக்குக் கிளம்பும் முன் மகள் போன் செய்தாள். அந்தப் பெரு நாட்டுக் குழு தங்கள் ஊரில் கடைசிக் கச்சேரி நடத்துகிறதாம். அவர்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம், நமக்கு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும். போனிலேயே பார்க்கலாம். "டிரம்ஸ் வாசிக்கிறவருக்கு முழங்கால் போச்சாம்மா. அதோட நிறுத்திக்கிறாங்களாம். அப்பாவப் பாக்கச் சொல்லு" என்றாள். சொன்னேன். சத்தமாக இரண்டு தடவை சொன்னேன். "அவனுகளுக்கும் வயசாயிருச்சா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மத்தியானம் நான் வீட்டுக்கு வந்தபோது டிரம்ஸ் அண்ணன் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம் அந்தக் கிராமத்துத் திருவிழா என்பது எனக்குத் தெரியும். கணவர் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். மூன்று பேருக்கும் இலை போட்டேன்.

"என்ன தங்கச்சி வெஞ்சனம்?"

"கத்திரிக்காய்ப் பொரியலும் அப்பளமும்தாண்ணே."

"போதும் போதும். மாப்ள, சாப்ட்டுட்டு அந்தக் கிடார எறக்கு. வேன் நாலு மணிக்கு வந்துரும்" என்று கணவரின் காதருகே கத்தினார்.

"செவிடன்கிட்ட எதுக்கு மச்சான் கச்சேரி பேசுற?"

"போன வருசம் குழிப்பாட்ட கம்ப்யூட்டர்ல போட்டு விட்டேன்டா. ஊர்க்காரனுங்க மூஞ்சியப் பாக்கணுமே. 'என்ன இது, ரேடியோவா? எங்க காயில்காரரு எங்க?'ன்னு கேக்குறாங்க. பாதிப் பேரு வீட்டு மோட்டாரு நீ கட்டுனது. இந்த வருசமும் நீ வரலைன்னா என்னைய பந்தல்ல நிக்கவிடமாட்டானுங்க."

"மெஷின மாட்டுனா தகரம். கழட்டுனா ஒண்ணுமில்ல. ஒருத்தன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் வாசிச்சா சிரிப்பாங்க. அதுவும் அந்தப் பாட்டு. அதுவே தப்புப் பாட்டு."

"அந்தக் குழுக்காரன் கேஸ் போட வரப்போறானா? சோத்தத் தின்னு."

கணவர் சிரிக்கவில்லை. இலையைப் பார்த்துக்கொண்டே, "வேணாம் மச்சான். நல்லா வாசிச்சவன்னு பேரு இருக்கு. அதோட இருக்கட்டும்" என்றார். அண்ணன் அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டுக்கொண்டார். இனி ஒருமுறை மறுத்தால் அவரும் கேட்கப்போவதில்லை, இவரும் கிடாரை இறக்கப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்தது.

நான் மோர் ஊற்ற வந்தவள், என் உள்ளங்கையை அவர் முகத்துக்கு நேரே காட்டினேன். "மோட்டாருக்கு இதத்தான வைக்கிறீங்க?" என்றேன்.

"அது இரும்பு."

"மேடை பலகைதான? அண்ணன் டிரம்ம உதைச்சா பலக அதிருமா அதிராதா?"

அண்ணன் எச்சில் கையோடு எழுந்துவிட்டார். "அதிருமாவா? மைக் ஸ்டாண்டு நடந்து போகும் தங்கச்சி! மாப்ள, நீ செருப்பக் கழட்டிட்டு என் பக்கத்துல நில்லு. நான் குடுக்குறத கால்ல வாங்கிக்க."

கணவர் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், ஈரம் போன பிறகும். பிறகு, "ஒண்ணு செய்வோம். இன்னிக்கி அவங்க போட்ட மாதிரி வாசிப்போம். ஒட்டு இல்லாம. ஒரு தடவையாச்சும் சரியா வாசிச்சுட்டு விட்டுர்றேன்" என்றார்.

"சரி, வா" என்றார் அண்ணன். நான் நாற்காலி போட்டு ஏறிப் பீரோ மேலிருந்து கிடாரை எடுத்துக் கொடுத்தேன். உறை முழுதும் தூசி. குமிழைத் திருகித் தந்திகளை இறுக்கி மீட்டி, மரத்தில் தாடையை அழுத்தி அழுத்திப் பார்த்தார். சுருதிக்கு அண்ணன் தலையாட்டினார்.

வேனில் நானும் போனேன். பந்தலுக்குப் பின்னால் கருவியைக் காதிலிருந்து கழற்றி வெள்ளைப் பெட்டியில் வைத்து என்னிடம் கொடுத்தார். ஸ்பீக்கர் சத்தத்தில் அது காதுக்குள் கூவும். பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு அம்மா கனகாம்பரம் கட்டிக்கொண்டிருந்தார்.

"காயில்காரரு வந்துட்டாருல்ல? போன வருசம் மனசே இல்ல ஆத்தா" என்றார். நான் அவருடைய மனைவி என்று சொல்லவில்லை.

சாமி வந்து இறங்கியது. வேட்டு போட்டு முடித்தார்கள். என் கணவர் வெறுங்காலோடு டிரம்ஸ் வைத்திருந்த பலகை மேல் ஏறி நின்றார். அண்ணன் உதைத்தார். பீப்பாய்களை அடுக்கி மேலே பலகை பரப்பிய மேடை அது. முன்வரிசையில் எனக்கே அதிர்வு தெரிந்தது. கிடார் தொடங்கியது. முதல் சுற்றில் என் கணவரின் கண் அண்ணனின் காலை விட்டு நகரவில்லை. ஒருவர் ஒரு பக்கம், மற்றவர் ஒரு பக்கம் என்று ஆகவில்லை. இரண்டாவது சுற்று. ஊர் எழுந்துவிட்டது. குழி வரும் இடம் வந்தது. எல்லோரும் குதித்தார்கள். பாட்டு குதிக்கவில்லை. வழுக்கிக்கொண்டு போய்விட்டது. தரையில் விழுந்த கால்கள் தாளம் தெரியாமல் ஒன்றின் மேல் ஒன்று இடறின. இரண்டு பேர் விழுந்தே விட்டார்கள்.

ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "ஏலே, ரோடு போட்டுட்டாய்ங்கடா!"

சிரிப்பு பந்தலைத் தூக்கியது. என் பக்கத்து அம்மா பூவை மடியில் போட்டுவிட்டு எழுந்து கையை நீட்டினார். "ஏப்பா காயில்காரரே, எங்க குழிய எங்க கொண்டுபோய் வச்ச? எடுத்துக் குடுத்துட்டுப் போ!"

என் கணவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. வாசிப்பை நிறுத்திவிட்டார். எல்லோரும் சிரிக்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்திருக்கும். மத்தியானம் அவர் பயந்தது அதைத்தான். கிடாரின் கழுத்தைப் பிடித்திருந்த கை இறங்குவதைப் பார்த்தேன். நான் எழுந்து நின்று, கூட்டத்தோடு கூட்டமாக, பெட்டியைக் கையில் பிடித்தபடியே ஒரு குதி குதித்துக் காட்டினேன். இந்த வயதில் எனக்கு அது தேவையா என்றெல்லாம் யோசிக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். பக்கத்து அம்மாவும் குதித்துக் காட்டினார். பிறகு அந்த வரிசையே. அண்ணன் டிரம்ஸ் குச்சியால் அவர் முதுகில் குத்தி, உதட்டை அசைத்து "குழி, குழி" என்றார்.

மறுபடி தொடங்கினார்கள். இரண்டாவது சுற்றில் அண்ணனின் உருட்டு வந்தது. மெட்டு தாவியது. ஊர் முழுவதும் ஒன்றாகக் குதித்து ஒன்றாகத் தரையில் இறங்கியது. மண்தரை அதிர்ந்து, பீப்பாய் அதிர்ந்து, பலகை வழியாக அது அவர் பாதத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அவர் சட்டென்று குனிந்து தன் காலைப் பார்த்தார். மோட்டார் மேல் கை வைக்கும்போது மூடுவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். அந்தச் சுற்றை முடிக்காமல் திரும்பத் திரும்ப வாசித்தார். ஒவ்வொரு தடவையும் குழி, ஒவ்வொரு தடவையும் குதி. மைக்செட்காரர் கையைக் காட்டிய பிறகுதான் பிள்ளையார் பாட்டுக்கு வழி விட்டார்.

மேடையைவிட்டு இறங்கி வந்தவர் அண்ணனிடம், "அடுத்த வருசம் பலகைய இன்னும் கொஞ்சம் மெல்லிசாப் போடச் சொல்லு" என்றார். போலீஸ் அனுமதி பத்து மணி வரைதான். முடித்துவிட்டு வேன் ஏறினோம். வழியில் அவர் தூங்கிவிட்டார். வெள்ளைப் பெட்டி என் கைப்பையிலேயே இருந்துவிட்டது.

ஞாயிறு காலை எழுந்து அடுப்படிக்குப் போகும்போது என் கைப்பை நாற்காலியில் ஜிப் திறந்து கிடந்தது. பெட்டி மேசைமேல் காலியாக இருந்தது. நான் எடுத்து வைப்பதற்கு முன்னால், காப்பிக்கும் முன்னால், கண்ணாடிகூடப் போடாமல், அவரே தேடி எடுத்துக் காதில் மாட்டியிருந்தார். போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து நிறுத்தி, கிடாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையில் இன்னும் யாரும் வரவில்லை; இருட்டில் ஒரு டிரம்ஸ் மட்டும் நின்றது.

"தகரந்தான்" என்றார், என் பக்கம் திரும்பாமல். "இருந்தாலும் கேப்போம். ஒக்காரு, ஆரம்பிக்கப் போறாங்க."

உட்கார்ந்தேன். பால் அதற்குப் பிறகுதான் காய்ச்சினேன்.